செத்தவரோடு கட்டிய ஜோடி

எபனேசர் பிரிங்கிள் பதினோரு வருடம் வெலிங்டன் சட்டசபையில் உட்கார்ந்திருந்தார். எட்டு மந்திரிசபைகள் கவிழ்ந்ததைப் பார்த்தார். ஒன்றிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒடாகோ மாகாணத்தில் குதிரைச் சேணம் விற்ற மனிதர். மேடைப் பேச்சு வராது, புள்ளிவிவரம் விரல் நுனியில் நிற்கும். மந்திரி பதவி இல்லையே என்று அவர் வருந்தியதில்லை, ஆங்கஸ் மெக்காஸ்கில் மந்திரியாகும் வரை.

இருவரும் ஒரே ஊர். ஒரே கப்பலில் குடியேறி வந்து, விடுதியில் ஒரே அறையில் தங்குபவர்கள். மூன்று கோஷ்டிகள் ஒன்றுசேர்ந்து அரசு அமைத்தபோது ரயில்வே இலாகா மெக்காஸ்கிலுக்குப் போனது. அவனுக்குப் பேர் வாங்கித் தந்த ரயில்வே பேச்சை எழுதிக் கொடுத்தவரே பிரிங்கிள்தான். மறுநாள் விடுதிக்காரி ஆட்டுத்தொடையில் நல்ல துண்டை மந்திரிக்கு வைத்துவிட்டு, எலும்பை இவர் தட்டில் போட்டாள். பிரிங்கிளுக்கு வயிறு எரிந்தது. அதன்பின் பக்கத்துக் கட்டிலில் அவன் குறட்டை விடுவதுகூடப் பொறுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. எதிரணிக் கிழவர் ராத்பர்ன் படுத்த படுக்கை. எதிரணியில் ஒருவர் வர முடியாவிட்டால், ஆளும் அணியிலும் ஒருவர் வாக்களிக்காமல் விலகி நிற்பது அங்கே வழக்கம். ஜோடி கட்டுவது என்பார்கள். ராத்பர்னுக்கு ஜோடியாக நிற்கிறேன் என்று ஆளும் அணியிலிருந்த பிரிங்கிள் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்கெடுப்பு நாளன்று மூன்று மணிக்குக் கிழவரைப் பார்க்கப் போனார். மகள் வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"இப்பதாங்க போச்சு உசிரு. இன்னும் யாருக்கும் சொல்லலை."

ஆள் போனால் ஜோடியும் போயிற்று. பிரிங்கிள் தாராளமாக வாக்களிக்கலாம். அவர் நேரே சட்டசபைச் சிற்றுண்டி அறைக்குப் போய் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு மணி அடித்தது. ஆளுங்கட்சிக் கொறடா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஒரு ஓட்டு குறையுது ஐயா. நீங்க வந்தா சமம். சபாநாயகர் நம்ம பக்கம்."

"ராத்பர்னுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அரசே போகப்போகுதுங்க."

"அதுக்காக வார்த்தை தவறச் சொல்றீங்களா?"

கொறடா தலைகுனிந்து போனார். வாக்கெடுப்புக்காகச் சபைக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. பிரிங்கிள் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் டீ இனித்தது. ஒரு வாக்கில் அரசு விழுந்தது. மறுநாள் பத்திரிகைகள் அவரைச் சொல் தவறாத மனிதர் என்று புகழ்ந்தன. எலும்புத் துண்டு இனி யாருக்கு என்று பார்க்க ஆசையாக விடுதியில் காத்திருந்தார்.

நான்காம் நாள் மெக்காஸ்கில் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"புது மந்திரிசபையிலயும் இருக்கேன்டா எபி. ரயிலோட கஜானாவும் எனக்குத்தான். ஒரு மாசமா அவங்களோட பேசிட்டிருந்தேன். நாம விழுந்தாத்தான் அது நடக்கும்னு இருந்துச்சு."

பிரிங்கிள் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கிழவன் செத்த சேதி நாலு மணிக்கே எனக்கு வந்துருச்சு. நீ ஓடி வந்து எங்களைக் காப்பாத்தித் தொலைச்சிருவியோன்னு நான் பட்ட பாடு. நீ வரலை. வாய் திறந்து சொல்லாமலே என் மனசு புரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

அவரைக் கட்டியணைத்துவிட்டு, மேசையில் காகிதக் கட்டை வைத்தான்.

"அடுத்த வாரம் பட்ஜெட். பேச்சை நீயே எழுதிக் கொடுத்துரு."

கீழே விடுதிக்காரி சாப்பாட்டு மணி அடித்தாள்.