றுக்ஷானாட தாச்சி

காத்தான்குடியில் றுக்ஷானாவின் கைக்கும் பேர் உண்டு, வாய்க்கும் பேர் உண்டு. அயலில் ஒரு விசேஷம் என்றால் கூப்பிடும்வரை காத்திருக்க மாட்டாள். போய் அகப்பையைப் பிடுங்கி, உப்பைக் குறை சொல்லி, வந்தவர்கள் எல்லாரையும் வயிறு முட்டச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். தன் சோற்றை ஒருவர் வேண்டாம் என்று தள்ளினால் அன்றைக்கு அவளுக்கு எதுவும் இறங்காது.

பிறர் சோற்றைத் தள்ளிய காலம் அவளுக்கும் இருந்தது. சின்ன வயதில் பெய்ரூத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வாய்த்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் குசினியில் ஏற்கெனவே ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மண்டூர் மங்கையற்கரசி. ஊரில் இரண்டு பேருக்கும் நடுவே கிடந்தது ஒரு வாவிதான். ஆனால் அது சண்டைக்காலம், இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் முகம் பார்க்கவே பயம். கடல் கடந்து போய்த்தான் இருவரும் பக்கத்து ஊர்க்காரிகள் ஆனார்கள்.

அந்த வீட்டில் பன்றி இறைச்சி பொரிப்பார்கள். பாத்திரம் எல்லாம் ஒன்று. றுக்ஷானா வெறும் ரொட்டியும் தேத்தண்ணியுமாகக் கிடந்து மெலிந்தாள். மங்கை அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சந்தைக்குப் போய் வந்தவள் ஒரு சின்னத் தாச்சியைக் கொண்டுவந்து, உருளைக்கிழங்கு பொரித்து, முன்னால் வைத்தாள்.

"இது ஒன்ட தாச்சி. இதில அதுகள் படாது, நான் பாத்துக்கொள்ளுறன். தின்னுகா."

அன்றிலிருந்து அந்தத் தாச்சி தனியாகக் கழுவப்பட்டது, துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைக்கப்பட்டது. வீட்டுக்காரி ஒருமுறை மீன் பொரிக்கக் கேட்டபோதும் மங்கை கொடுக்கவில்லை. 'றுக்ஷானாட தாச்சி' என்ற இரண்டு தமிழ்ச் சொல்லை அந்த லெபனான்காரியும் கடைசியில் படித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பினார்கள், கல்யாணம் கட்டினார்கள், பிள்ளைகள் வளர்ந்தன. சண்டையும் ஓய்ந்தது. பெருநாளைக்கு மங்கை காத்தான்குடிக்கு வருவாள். கோயில் திருவிழாவுக்கு றுக்ஷானா மண்டூருக்குப் போவாள். போனால் விருந்தாளியாக உட்கார வைத்துவிடுவார்கள். அது அவளுக்குப் பெரிய மனக்குறை. மங்கையின் அடுப்பில் ஒருநாளாவது தன் கையால் ஆக்கிப் போடவேண்டும் என்ற ஆசை கிடந்து அரித்தது.

இந்த வருஷம் அது கைகூடியது. மங்கையின் புருஷன் அழகரத்தினம் வயல்வட்டையில் வரம்பு கட்டும்போது புடையன் பாம்பு கடித்து, செத்துப் பிழைத்திருந்தார். முருகனுக்கு நேர்த்தி வைத்தாள் மங்கை: திருவிழா முடியும்வரை விரதம், தீர்த்தத்துக்கு முதல்நாள் வீட்டில் படையல் வைத்து, வரும் அடியார்களுக்குச் சோறு. அவள் ஃபோனில் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"வந்து கறி ஒண்டு ஆக்கித் தாகா."

றுக்ஷானா விடியவே புறப்பட்டாள். குருமண்வெளித் துறையில் பாதை ஏறினாள். வாவியைக் கடத்திவிடும் மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பேர். மடியில் ஒரு போத்தல் இருந்தது. அவளே வறுத்து இடித்த கறித்தூள்.

மங்கையின் மச்சாள் புஸ்பத்துக்கு இது பிடிக்கவில்லை. "நேர்த்திச் சோத்துக்கு நம்மட ஆக்கள் இல்லையா?" என்று கிணற்றடியில் முணுமுணுத்தாள். றுக்ஷானா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய மண்சட்டியில் பூசணிக்காயை ஏற்றி, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கும் நேரம் போத்தலைத் திறந்து தாராளமாகத் தூவினாள். முற்றமெல்லாம் மணந்தது.

"என்ன வாசம்கா!" என்றது வேறு யாருமில்லை, புஸ்பம்தான். விரதம் இருக்கிற மூக்குக்கு எல்லாமே வாசம்தான்.

படையலுக்கு ஆக்குவதை ருசி பார்க்கக்கூடாது. ஆகவே றுக்ஷானா மூடியைத் தூக்கி, குனிந்து, ஆவியை உள்ளே இழுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மாசி.

அவளுடைய தூளில் எப்போதும் மாசிக்கருவாடு இடித்துச் சேர்ப்பாள். அவள் உம்மாவும் அப்படித்தான். காத்தான்குடிக் குசினியில் மாசியை யாரும் மீன் என்று நினைப்பதில்லை, உப்புப்போல அதுவும் ஒரு சாமான். மரக்கறி என்றாலும் ஒரு கிள்ளு விழும். போத்தலை எடுத்தபோது விரதம் அவள் மனதில் இருந்தது, மாசிதான் மனதில் இல்லை.

மூடியைப் பட்டென்று திரும்பப் போட்டாள். யாருக்கும் தெரியவில்லை. சொல்லாவிட்டால் தெரியப்போவதுமில்லை. சொன்னால் புஸ்பம் சும்மா இருப்பாளா? காத்தான்குடிக்காரியைக் கூப்பிட்டதற்கு மங்கை இனி ஆயுளுக்கும் பேச்சு வாங்கவேண்டும். மண்டூர் முருகனுக்கு வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். 'நானும் வாயைக் கட்டிக்கொண்டால் என்ன?' என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த கையோடு பெய்ரூத்து வீட்டு அலுமாரிக்கு மேலிருந்த அந்தத் துணிச்சுருள் கண்ணுக்குள் வந்தது. அந்த வீட்டில் மங்கை ஒரு தரம் அசட்டையாக இருந்திருந்தால் தனக்கும் தெரிந்திருக்காதே. அவள் அப்படி இருக்கவில்லை.

றுக்ஷானா வாழையிலை கழுவிக்கொண்டிருந்த மங்கையிடம் போனாள். காதோரம்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு மெல்லப் பேச வராது. கிணற்றடிவரை கேட்டது.

"மங்கை, என்ட தூளுக்குள்ள மாசி இரிக்கு. மறந்து போட்டுட்டன். அல்லாஹ்வே, ஒன்ட நேர்த்திய நாசமாக்கிட்டன்."

"நான் அப்பவே சொன்னன்" என்று தொடங்கினாள் புஸ்பம்.

"நீ அப்ப சொன்னது நல்லா மணக்குதெண்டு" என்றாள் மங்கை, திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு றுக்ஷானாவின் முகத்தைப் பார்த்தாள். "படைக்க முந்திச் சொன்னாய்தானே. ஒண்டும் நாசமாகல்ல. இன்னொரு பூசணிக்காய் இரிக்கு. அழாம வெட்டுகா."

"இனி நான் அடுப்புக்குக் கிட்ட வரமாட்டன்."

"பின்ன ஆர் ஆக்குற? பந்திக்கு ஆக்கள் வரப்போகுதுகள்."

சட்டி மாற்றி, கை கழுவி, மங்கை வீட்டுத் தூளில் றுக்ஷானா மறுபடியும் ஆக்கினாள். அவள் கணக்குக்கு அது சப்பென்றுதான் இருந்திருக்கும். அடியார்கள் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். அழகரத்தினம் கடைசிப் பந்தியில் இருந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் றுக்ஷானா. அப்போதும் உள்ளே வெட்கம் போகவில்லை. இனி இந்த வீட்டில் தன்னை நம்பி யார் அகப்பையைத் தருவார்கள் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் மங்கை துறைவரை வந்தாள். முதலில் ஆக்கிய பூசணிக்காய்க் கறியைச் சட்டியோடு மூடிக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். "வீட்ட கொண்டு போ, அக்ரம் தின்னட்டும். சட்டியும் இனி ஒனக்குத்தான்" என்றாள். அக்ரம் றுக்ஷானாவின் மகன், மாசி போட்ட பூசணிக்காய்க்கு உயிரை விடுவான். பாதை புறப்படும் நேரம் மங்கை இன்னொன்றையும் நீட்டினாள். துணியில் சுற்றியிருந்தது. பிரிக்காமலே றுக்ஷானாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ இத ஊருக்குக் கொண்டுவந்தியா?"

"ஓம். சைவ நாளைக்கு மட்டும்தான் எடுக்கிறன். மீன் மச்சம் ஒண்டும் பட்டதே இல்ல. இனி இது ஒன்ட வீட்டில இரிக்கட்டும். விரதத்தில வந்தா நானும் சாப்பிடவேணுமே."

காத்தான்குடியில் இப்போது றுக்ஷானாவின் அலுமாரிக்கு மேல் ஒரு துணிச்சுருள் இருக்கிறது. அக்ரமின் மனைவி அம்னா ஒருநாள் முட்டை பொரிக்க அதில் கை வைக்கப் போனாள்.

"அத எடுக்காத புள்ள" என்று கத்தினாள் றுக்ஷானா. "அது மங்கைட தாச்சி."