அண்ணி கழுவிய துகள்கள்

கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, என் அண்ணனுக்கு நிச்சயமான பெண் ராசா என்ற ஊரிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "அத்தே, கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டார். மணக்கோலத்தில் அவரைப் பார்த்ததைவிட அந்த வாசல் காட்சிதான் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. கண்கள் சிவந்திருந்தன, கையில் அம்மாவுக்காக வாங்கிய கொய்யாப்பழப் பை. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபமும் பேசியாகிவிட்டது. அண்ணனோ ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். "என் மவன் ஏதாச்சும் சொல்லிட்டானா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

"ஐயோ, அவரு ஒன்னும் சொல்லல அத்தே. என் ஆராய்ச்சிதான் கவுந்துருச்சி."

அண்ணி அப்போது முனைவர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மருந்தைச் சுமந்து செல்லும், கண்ணுக்குத் தெரியாத பாலிமர் துகள்கள்தான் அவருடைய வேலை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்களுக்கு விளக்கினார். புற்றுநோய் உயிரணுக்களின் மேற்புறத்தில் அதிகமாக இருக்கும் ஒரு மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை வளர்ப்பார்கள். பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்துவிட்டால், அதே வடிவத்தில் பள்ளம் மட்டும் மிஞ்சும். அச்சுப் பதிந்த அந்தத் துகள் மருந்தோடு உடம்புக்குள் போகும்போது, பள்ளத்துக்குப் பொருந்துகிற உயிரணுவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒப்பிடுவதற்காக அச்சே பதிக்காத துகளையும் செய்வார்கள். அந்த வாரச் சோதனையில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒட்டின. அப்படியென்றால் அச்சுக்கு அர்த்தமே இல்லை.

அம்மாவுக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் முந்தைய ஆண்டுதான் அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியிருந்தார்கள். முடி அப்போதுதான் குட்டையாக வளரத் தொடங்கியிருந்தது. "நோவு ஒரு எடத்துல. மருந்து என் நாக்கு ருசியக்கூட வுட்டு வைக்கலியே," என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "கல்யாணம் அன்னிக்கேதான் நடக்கும். ஆனா மறுநாளே நீ லேபுக்குப் போ. விருந்து, மறுவீடு எல்லாம் நான் பாத்துக்குறேன் லா."

அப்படியே நடந்தது. கையில் மருதாணிச் சிவப்போடு அண்ணி காலையிலேயே கிளம்ப, தேனிலவுக்கு எடுத்த விடுப்பில் அண்ணன் அவருக்குக் காரோட்டியானார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலியோரம் வந்து, "என்னாக்கா, மருமவ மறுநாளே கெளம்பிட்டா?" என்று இழுத்தபோது, "லேபுல அடுப்பப் பத்த வச்சிட்டு வந்துட்டாளாம், அணைக்கப் போறா," என்றார் அம்மா முகம் மாறாமல்.

கோளாறு எங்கே என்று அண்ணியே கண்டுபிடித்தார். அச்சுக்கு வைத்த மூலக்கூறுகள் முழுதாக வெளியேறவில்லை. பள்ளங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் புதிதாக எது வந்து உட்காரும்? கரைப்பானை மாற்றி, அசிட்டிக் அமிலம் சேர்த்து, கழுவிய திரவத்தில் ஒன்றும் தென்படாமல் போகும் வரை திரும்பத் திரும்பக் கழுவினார். மாலையில் வீடு திரும்பும்போது கார் முழுக்க வினிகர் நெடியடிக்கும். "ஊறுகா ஜாடிக்குள்ள தேனிலவு போன ஆளு நான் ஒருத்தன்தான்," என்பார் அண்ணன். ஒரு நாள் காரின் கதவைச் சாத்தாமலே அண்ணி ஓடிவந்து, "அத்தே, ஒட்டுது! அச்சுப் போட்டது நல்லா ஒட்டுது, போடாதது ஒட்டல!" என்று கத்தினார். அம்மா கரண்டியோடு போய் அவரைக் கட்டிக்கொண்டார். அன்றைக்குக் குழம்பு தீய்ந்துதான் போனது.

இப்போது இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். துகள்களின் சோதனை எலிகள் வரை வந்திருக்கிறது. மனிதருக்கு எப்போது என்று கேட்டால் அண்ணி வாக்குக் கொடுப்பதில்லை. "இன்னும் ரொம்ப தூரம் இருக்கு" என்பார். அம்மாவும் அவசரப்படுத்துவதில்லை. வாரம் தவறாமல் அழைத்து, அண்ணன் குரல் கேட்டதுமே, "மருமவகிட்ட போனக் குடுடா," என்கிறார். பிறகு, நலம் விசாரிக்கும் முன்பே ஒரு கேள்வி:

"எலிங்கல்லாம் நல்லா சாப்புடுதாம்மா?"