ஒப்பாரிக்கு எழுதிய சத்தியக்கடதாசி

பதுளையில் வழக்காடும் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் அவருக்குச் சொல்வதும் என் வேலைதான். ஒரே ஒரு தடவை உள்ளதை மறைத்திருக்கிறேன்.

ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அந்த அக்கா வந்தது ஒரு மழை நாள் காலையில். ஐம்பது வயதிருக்கும். குடையை மடக்குமுன்பே சொன்னார்:

"மிஸ், நான் அழுத அழுகைய ஓட்டல்ல போட்டு வெள்ளக்காரங்களக் கேக்க விடுறாங்க."

தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி அவருடைய தங்கை இறந்திருந்தார். சாவு வீட்டில் அக்கா ஒப்பாரி வைத்ததை, ஆராய்ச்சிக்கென்று தோட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் போனில் பதிந்துகொண்டு போயிருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. அது கைமாறி, பழைய துரை பங்களாவைத் திருத்திய ஓட்டலில், மாலைத் தேநீர் நேரத்துக்குப் பாட்டாகிவிட்டது. அங்கே புல் வெட்டப் போனபோது அக்கா கேட்டிருக்கிறார்.

"செத்தவங்களக் கூப்பிட்டு அழுவோம். கடைசியில போயிட்டு வான்னு சொல்லி அனுப்பிடுவோம். இவங்க அந்த எடத்த வெட்டிட்டாங்க மிஸ். தெனமும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

சட்டத்தரணி அம்மா உற்சாகமானார். புலமைச் சொத்துச் சட்டத்தில் மக்களின் பரம்பரைப் பாட்டுகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, வியாபாரத்துக்கு எடுத்தால் அனுமதி வேண்டும், பாடியவரின் சம்மதமின்றிக் குரலைப் பதிவதும் தவறு என்றார். ஆராய்ச்சிக்காரருக்குக் கடிதம் போனதும், அவர் பயந்துபோய் முழுப் பதிவையும் அனுப்பிவிட்டார்.

மூவரும் உட்கார்ந்து கேட்டோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொரு பெண்ணும் பாடுகிறாள். அவளும் கையெழுத்து வைக்க வேண்டும். யாரென்று கேள்" என்றார்.

கேட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"யாரும் இல்லீங்க. கூட அழுகிற பொம்பளைங்க எல்லாரையும் குளவி கொட்டிருச்சு. அவங்க ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நான் தனியாத்தான் அழுதேன்."

மறுபடி ஓடவிட்டோம். "எந்த மலையில நிக்கிற, எந்த நெரையில நிக்கிற" என்று தங்கையைக் கேட்டுவிட்டு அக்கா மூச்சு வாங்குகிறார். அந்த இடைவெளியில், மெல்லிய பெண் குரல் ஒன்று, ராகத்தை விடாமல், பதில் சொல்கிறது:

"இந்தா, ஒனக்குப் பின்னாலதான்."



"என்ன சொல்கிறாள்?" என்று அம்மா கேட்டார்.

"தெளிவாக இல்லை மேடம்" என்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஒப்பாரியை நான் தனியாகவே பாடினேன்' என்று சத்தியக்கடதாசி எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். வழக்கு வரை போகவே இல்லை. அதை இணைத்து நாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்ததும் ஓட்டல்காரர்கள் பாட்டை நிறுத்தி, மன்னிப்பும் எழுதிக்கொடுத்தார்கள். ஓட்டல் முகாமையாளர் என்னிடம் தொலைபேசியில், "எங்களுக்கும் நிம்மதிங்க. அந்தப் பாட்டு ஓடுறப்ப வேலை செய்றவங்க எல்லாம் சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டுத்தான் நிப்பாங்க. ஏன்னு கேட்டா யாரும் சொல்றதில்ல" என்றார்.

மன்னிப்புக் கடிதத்தின் பிரதியை வாங்க அக்கா கடைசியாக வந்த அன்று, பஸ் நிலையம் வரை கூடப் போனேன். நல்ல வெயில். சனம் நெரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் கேட்கத் துணிச்சல் வந்தது.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்கும் கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சு மிஸ்."

"உங்க தங்கச்சிதானா?"

அவர் கடிதப் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கூடப் பொறந்தவ கொரல் எனக்குத் தெரியாதுங்களா? அது அவ இல்ல."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, தனக்கு நேர் பின்னால்.