மொட்டைமாடியில் நாலு வகை வெள்ளரி

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பையோ பேன்ட்டோ, எது வாய் பிளந்தாலும் ஜிப் மாற்றித் தருவதால் தெருவுக்கே அவள் ‘ஜிப்பக்கா’. வீட்டில் அவளும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கையும் மட்டும்தான்.

பேன்ட்டுக்கு இடுப்பு பிடிக்கக் கொடுக்க வந்த விதைக்கடைக்காரர், வெள்ளரி விதைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். “மாடி சும்மாத்தானே கெடக்கு? போட்டுப் பாருங்க.” மனைவியை இழந்தவர், மெல்லப் பேசுவார். அவர் மட்டும் அவளை அக்கா என்றதில்லை. வாசலில் நின்று “ஏங்க” என்பார். அதற்கே அவள் பாதித் தையலில் எழுந்துவிடுவாள்.

அதுவரை அவள் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி ஊன்றினாள். முளைத்துவிட்டது என்றதும் அவர் வேறொரு வகையைக் கொண்டுவந்தார்; பிறகு இன்னும் இரண்டு. நீளமானது, வெள்ளை, முள்ளுமுள்ளாய் ஒன்று, எலுமிச்சைபோல் உருண்டை. முதலில் பூத்ததெல்லாம் உதிர்ந்தபோது பதறிப்போனாள்.

“அதெல்லாம் ஆண் பூங்க, காய்க்காது. பெண் பூவுக்கு அடியில குட்டியா பிஞ்சு இருக்கும்” என்று இலையை விலக்கிக் காட்டினார்.

அவர் வரும் ஞாயிறுகளில் அவள் நல்ல உடையாக எடுத்து உடுத்தினாள். “வெள்ளரிக்கு இவ்ளோ அலங்காரமாக்கா?” என்று தங்கை சீண்டினாள்.

முதல் உருண்டைக் காயை மூவரும் மாடியிலேயே நறுக்கித் தின்றார்கள். தங்கை கீழே இறங்கியதும் அவர் குரல் தாழ்ந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

அக்கா! அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

“தங்கச்சிகிட்ட நேரா கேக்கக் கூச்சமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை பேசினா...”

வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். “கேட்டுச் சொல்றேன்.”

கேட்டாள். தங்கை முகம் சிவந்து குனிந்துகொண்டாள். “உனக்கு முன்னாடி நான் எப்படிக்கா?”

“போடி, எனக்கு இருக்கிற வேலையில கல்யாணம் ஒண்ணுதான் கொறைச்சல்!”

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைச் சட்டையை அவளே தைத்தாள். தோளளவை மட்டும் அவருடைய பழைய சட்டை ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் அவள் மாடி ஏறவில்லை. கொடிகள் கருகின, முற்றிய காய்கள் மஞ்சளாகி வெடித்தன. பார்க்க வந்த தங்கை திடுக்கிட்டாள். “ஆசையா வளர்த்தியேக்கா, ஏன் இப்படி விட்டுட்ட?”

“இடுப்புவலிடி. படி ஏற முடியல.”

தங்கை உடனே அவளைக் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“அவ்வளவு வலிக்குதாக்கா?”

“ஆமாடி.”