சந்தனம் அப்பிய சேட்டிபிகேட்டு

நோர்வூட்டில் முஸ்லிம் நானாவின் கடையில் என் பேத்தி திவ்யாவின் முதலுதவிச் சேட்டிபிகேட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். சூடான பிளாஸ்டிக் வாசம் இருக்கிறதே, தோசைக்கல்லில் செருப்பை வைத்த மாதிரி. திவ்யா அந்த வாசத்தில் நின்றபடியே போனில் சீவி, அதுதான் வேலைக்கு அனுப்பும் சுயவிவரம், எழுதினாள். நுவரெலியாவில் ஓட்டல் வேலைக்கு.

“சும்மா முதலுதவி தெரியும்னு எழுதக்கூடாது அம்மாயி. என்ன பயிற்சி, யாரு குடுத்தாங்க, நம்பரு, எப்ப வரைக்கும் செல்லும், எல்லாம் போடணும். காலாவதியானத போட்டா மானம் போயிரும்.”

“அத என்கிட்டயே சொல்றியாக்கும்?” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நானும் முதலுதவி படித்தவள்தான். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு என்னைவிட ஆடுகள் அதிகம் போயிருக்கும். ஆனாலும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தபோது முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பழகுவதற்கு அப்பாதான் ஆள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கட்டோடு போவார். எங்கே விழுந்தாய் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாருக்கும் சேட்டிபிகேட்டு கிடையாது. அப்பா அட்டன் டவுனுக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுவந்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அப்போது அப்படித்தான், வீட்டுக்கு வந்த நல்ல காகிதம் சாமியோடு சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை முருகனுக்குச் சந்தனம் வைத்தால் அம்மா அதற்கும் வைப்பாள். நான் ரொட்டியைக் கருகவிட்டால் மட்டும், “சாமி பக்கத்துல குடியிருக்கிறவளுக்கு ரொட்டி சுடத் தெரியல” என்பாள்.

அப்புறம் பிள்ளைக்காம்பராவில் ஆள் தேடினார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அந்த வேலை கிடைத்தால் மழையில் கூடையோடு மலையேற வேண்டாம். சேட்டிபிகேட்டோடு ஆபிசுக்கு வரச் சொன்னார்கள். சட்டத்தைப் பிரித்துக் காகிதத்தை எடுக்கலாம் என்றேன்.

“பூச வச்சத பிரிப்பாங்களா?” அப்பா முழுப் படத்தையும் வேட்டியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டார்.

ஆபிசில் கிளாக்கர் ஐயா படத்தைச் சுற்றியிருந்த வேட்டியை விலக்கினார். காய்ந்த செவ்வந்தி மாலை மேசையெல்லாம் உதிர்ந்தது.

“என்னம்மா, வேலைக்கு வந்தியா, தேர் இழுக்க வந்தியா?”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு அது பழக்கம்.

“தேதி எங்க?”

தேதி மேல்தான் அம்மாவின் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அடையடையாக அப்பியிருந்தன. முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். சந்தனம் கண்ணாடி முழுக்க இழுபட்டது. அவர் குனிந்து வாசித்தார்.

“இது போன வருஷமே முடிஞ்சிருச்சே! செத்த சேட்டிபிகேட்டுக்கா பூச போட்டீங்க?”

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஐயா, படிச்சது எப்புடிங்க முடியும்?” என்றார் அப்பா. “இப்பவும் நல்லா கட்டுறாளுங்க.” தலைத்துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டிக் காட்டச் சொல்லித் தன் கையை நீட்டினார். வாசலில் சிரிப்பு இன்னும் கூடியது. நீட்டிய கை அப்படியே இருந்தது. எனக்குத் துண்டை விரிக்கக்கூட விரல் எழவில்லை.

வேலை வேறொருத்திக்குப் போனது. திரும்பும்போது அப்பா ரோட்டில் வராமல், படத்தைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி நடந்தார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா முருகனுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பக்கத்துப் படத்துக்கு வந்தாள். விரல் அந்தரத்தில் நின்றது.

“வைக்கலாமா?”

அப்பாவும் நானும் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். சுவரும் இல்லை, படமும் இல்லை, காகிதத்துக்குப் பொட்டு வைக்கிற அம்மாக்களும் இல்லை.

திவ்யா தன்னுடையதைச் சூடு ஆறாமல் என் கையில் கொடுத்தாள். முதலில் தேதியைத்தான் பார்த்தேன். இன்னும் நாள் இருந்தது. சுருக்குப்பையில் கோயில் சந்தனம் இருந்தது, தொட்டேன்.

“ஐயோ அம்மாயி, கறையாயிரும்! இத போட்டோ எடுத்து அனுப்பணும்.”

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.