ஊத்தை என்று கொட்டிய தூள்

சாய்ந்தமருதில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. அதனால் எந்தச் சாமானையும் கழற்றித் துடைக்காமல் நான் பாவிப்பதில்லை. ஆரம்பகாலத்து மைக், பேசுகிற குரலை எப்படி மின்சாரமாக்கியது என்று வகுப்பில் காட்ட, பழைய கறுப்பு டெலிபோன் ஒன்று வாங்கினேன். வாய்ப்பக்கத்து மைக்கைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தூள். ஊத்தை என்று கொட்டி, பளிச்சென்று துடைத்து மூடினேன்.

பற்றறியை இணைத்தேன். காதுப்பக்கத்தைத் தனியாகக் கழற்றி, நீள வயரில் இணைத்து, அடுத்த அறையில் கணவரிடம் கொடுத்துவிட்டு மைக்கில் கத்தினேன்.

"சுவரால கேக்குது. இதுக்குள்ள ஒண்டும் கேக்கல்ல" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மைக்கே அந்தத் தூள்தான், அது கரி. குரல் பட்டு, முன்னாலுள்ள மெல்லிய தகடு அமுங்கும்போது கரி நெருங்கி மின்சாரம் கூடுதலாக ஓடும், விலகும்போது குறையும். குரல் ஏறி இறங்குகிற மாதிரியே மின்சாரமும் ஏறி இறங்கும். பதினைந்து வருடமாக இதைத்தான் படிப்பிக்கிறேன்!

டோர்ச் பற்றறி ஒன்றை உடைத்து, அதன் கரிக்குச்சியை இடித்து மைக்கில் நிரப்பி, மறுபடியும் கத்தினேன்.

"ஓம், இப்ப கேக்குது. ஏன் கத்துறீங்க?"

அடுத்த நாள் வகுப்பில் மைக்கைத் திறந்து, உள்ளே இருப்பது என்ன என்று கேட்டேன்.

"ஊத்தை, டீச்சர்" என்றது முழு வகுப்பும்.

பிழையான பதிலுக்கு நான் ஏசாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.