தூணடியில் விரித்த பாய்

மகளுக்குச் சீதன வீடு கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறீர்களே, அந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தீர்களா?

கல்முனையில் உடுப்புத் தைத்துப் பிழைக்கும் ஸுஹைறா தினமும் பார்த்தாள். அவளுடைய தையல் மெஷினுக்கு நேரே நின்ற தூணில்தான் அந்த வெடிப்பு ஓடியது.

அவளுக்குச் சீதனமாக வாப்பா பக்கீர் முகைதீன் கட்டிய வீடு அது. மாடி இல்லாத வீட்டுக்குப் போட்ட அத்திவாரம். கடற்கரை மண்ணைக் கழுவாமலே சீமெந்தில் குழைத்திருந்தார்கள். அடுத்த தங்கை நுஸ்ரத்துக்குக் கலியாணம் வந்தபோது வேறு காணி ஏது? மூத்தவளின் தலைக்கு மேல் ஒரு மாடி எழும்பியது. இப்போது கடைசித் தங்கை ஹப்ஸாவுக்கு மாப்பிள்ளை வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டாரும் வீடுதான் கேட்டார்கள். நுஸ்ரத்தின் தலைக்கு மேல் இன்னும் இடம் கிடந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் வானம் வரைக்கும் அடுக்கலாம், யார் தடுக்கிறார்கள்?

ஸுஹைறாவிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் சுஜித்தாவின் கணவன் கோகுலன் கட்டட எஞ்சினியர். அவன் வந்து பார்த்தான். மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்து வைத்து ஒட்டினான்.

"இது உடைஞ்சா, வெடிப்பு இன்னும் விரியிது எண்டு அர்த்தம் அக்கா. தூணச் சோதிக்காம மேல ஒரு சட்டி மண்ணும் ஏத்தாதீங்க."

கண்ணாடி உடைந்தது. வாப்பாவைக் கூட்டி வந்து காட்டினாள்.

"கண்ணாடி எண்டா உடையத்தான் செய்யும். நீ மெஷின் மிதிக்கிற அதிர்வாக்கும்."

"என்ட மெஷினையே தாங்காத தூண், கொங்கிறீட்டத் தாங்குமா வாப்பா?"

"ஒனக்கு வாய் கூடிப்போச்சி புள்ள. கலியாணத்துக்கு நாள் வச்சாச்சி. எல்லாம் அல்லாஹ் எழுதின நஸீபுப்படிதான் நடக்கும்."

உப்பில் துருப்பிடித்து உள்ளேயே வீங்கும் கம்பிக்கு நஸீபு தெரியுமா? நாலு சுவருக்கு மட்டும் அனுமதி கொடுத்த அலுவலகம், மாடி எழும்பியதைக் கண்டுகொள்ளவே இல்லை. தெருவுக்கே தெரிந்தது அவர்களுக்குத் தெரியாதாம். மேசனும் வாய் திறக்கவில்லை. அவனா அதற்குள் படுக்கப் போகிறான்?

கொங்கிறீட் போடும் நாள் வந்தது. மிக்சர் மெஷின் வாசலில் உறுமியது. மாப்பிள்ளையின் தகப்பன் மரநிழலில் கதிரை போட்டு, சோறு எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஸுஹைறா தன் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். நுஸ்ரத்தையும் அவள் பிள்ளைகளையும் கீழே இறக்கினாள். தையல் மெஷினைத் தெருவுக்கு இழுத்துப் போட்டாள். பிறகு தூணடியில் பாய் விரித்து, பலர் கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டில் சோறும் இறைச்சியும் நிறைத்து வைத்தாள்.

"மாமா, சஹன் வச்சிரிக்கன். வாங்க, தூணடியில இருந்து தின்னுங்க. வாப்பா, நீங்களும் இரிங்க. மேல கொங்கிறீட் போட்டு முடியுமட்டும் ரெண்டு பேரும் எழும்பாதீங்க. மறுகா நான் என்ட புள்ளையளக் கூட்டிக்கு வாறன்."

வாசல் வரை வந்த மாப்பிள்ளையின் தகப்பன் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். அண்ணாந்தும் பார்த்தார்.

"எனக்குப் பசியில்ல புள்ள."

"இப்பதானே சோறு கேட்டீங்க?"

வேலையாட்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வாப்பா செருப்பைக் கழற்றினார். ஒரு காலைப் பாயில் வைத்தார். மற்றக் கால் வரவில்லை. வைத்த காலையும் எடுத்தவர், திரும்பாமலே சொன்னார்: "மிக்சர் மெஷின நிப்பாட்டுங்க."

அன்றே கலியாணமும் நின்றது. தூணுக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டு, எல்லோரும் வாடகை வீட்டில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். தூண் சோதனைக்குக் காத்திருக்கிறது. 'தங்கச்சிட கலியாணத்தக் கெடுத்தவள்' என்று தெரு ஸுஹைறாவைத்தான் ஏசுகிறது. வீடு கேட்டவர்களை ஏச ஒரு வாய் இல்லை. பக்கத்திலிருந்து பொத்தான் தைக்கும் ஹப்ஸா மட்டும் சொல்கிறாள்: "கெடுத்ததுக்கு ஒரு சட்டையாவது தைச்சித் தாங்க ராத்தா. உசிரோட இரிக்கன், உடுக்கணுமே."

இதை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்குங்கள். தூண்களைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை மேலே ஒரு கல்லும் ஏற்றாதீர்கள். பெண் வீட்டில் மாடி கேட்கப் புறப்படுகிறவர் என்றால், அந்தத் தூணடியில் பாய் விரித்து முதலில் நீங்கள் உட்காருங்கள். முடியாதென்றால், கேட்காதீர்கள்.